சவப்பெட்டி தூக்கிக் காப்பாற்றிய பப்: டப்ளினின் பழைய பப்களில் அப்படி என்ன இருக்கு?

2021 அக்டோபர் மாதம். அயர்லாந்து தலைநகர் டப்ளினில் ஓர் ஊர்வலம். தோளில் சவப்பெட்டி, பின்னால் இசைக் கலைஞர்கள், ரசிகர்கள், அக்கம்பக்கத்து மக்கள் என நூற்றுக்கணக்கானோர். யாரும் சாகவில்லை. 'இந்த ஊரோட கலாசாரம் செத்துக்கிட்டிருக்கு' என்று மாநகராட்சிக்குச் சொல்லத்தான் அந்தப் பெட்டி.

விவகாரம் என்ன? ஸ்மித்ஃபீல்ட் பகுதியில் இருக்கும் 'தி காபிள்ஸ்டோன்' என்ற பப்பைச் சுற்றியும் அதற்கு மேலேயும் 9 மாடி ஹோட்டல் கட்ட ஒரு நிறுவனம் அனுமதி கேட்டிருந்தது. முன்பக்க பார் இருக்கும். கச்சேரியும் வகுப்புகளும் நடக்கும் பின்பக்க அறை போய்விடும். அதற்குத்தான் இத்தனை பேர் ரோட்டுக்கு வந்தார்கள்.

ஒரு பப்புக்காக ஊரே கிளம்புமா என்று கேட்கத் தோன்றும். பப் என்றதும் டிஜே, கலர் லைட், காதைக் கிழிக்கும் பாட்டு என்றுதான் நம்மூரில் பலருக்கும் ஞாபகம் வரும். டப்ளினின் பழைய பப் அதற்கு நேர் எதிர். அங்கே முக்கியமான சரக்கே பேச்சுதான்.

மளிகைக் கடையும் மதுக்கடையும் ஒண்ணு

'பப்ளிக் ஹவுஸ்', அதாவது பொதுமக்கள் வந்து உட்காரும் வீடு என்பதன் சுருக்கம்தான் பப். அயர்லாந்தில் அது ரொம்ப காலம் மளிகைக் கடையாகவும் இருந்தது. ஒரு பக்கம் டீத்தூள், அரிசி. இன்னொரு பக்கம் விஸ்கி, பீர். சௌத் ஆன் தெருவில் இருக்கும் 'கீயோஸ்' பப்பில் அந்த மளிகைச் சாமான் இழுப்பறைகளை இப்போதும் பார்க்கலாம். 1803-லிருந்து லைசென்ஸ் உள்ள இடம் இது. முன்பு உரிமையாளர் குடியிருந்த மாடி அறைகளும் இப்போது பப்தான். மாடியில் உட்கார்ந்தால் யாரோ ஒருவர் வீட்டு ஹாலில் இருப்பது போலவே இருக்கும்.

பழைய பப்களில் இன்னொரு சங்கதி 'ஸ்னக்'. பார் கவுண்டரை ஒட்டி, மரத் தடுப்பும் கதவும் வைத்து அடைத்த குட்டி அறை. உள்ளே நாலைந்து பேர் நெருக்கி உட்காரலாம். கவுண்டர் பக்கம் சின்ன ஜன்னல் திறக்கும், கிளாஸ் வரும், மூடிக்கொள்ளும். யார் குடிக்கிறார்கள் என்று வெளியே தெரியாது. பாதிரியார், போலீஸ்காரர், முக்கியமாகப் பெண்கள் ஆகியோருக்கான இடமாக அது இருந்தது.

இன்று ஸ்னக்கில் இடம் பிடிக்க போட்டியே நடக்கிறது. ஆனால் அந்தத் தடுப்புக்குப் பின்னால் இருந்தது அழகு மட்டுமில்லை. 1970-கள் வரைகூட டப்ளினில் பல பப்களில் பெண்களுக்கு முழு 'பைன்ட்' பீர் தர மாட்டார்கள். பத்திரிகையாளர் நெல் மெக்காஃபெர்ட்டி 30 பெண்களோடு ஒரு பப்புக்குப் போய் ஆளுக்கொரு பிராந்தி ஆர்டர் செய்தார், கூடவே ஒரே ஒரு பைன்ட் பீர் கேட்டார், தர மறுத்ததும் பிராந்திக்குக் காசு கொடுக்காமல் எல்லாரும் வெளியே வந்துவிட்டார்கள் என்று அயர்லாந்து பெண்ணுரிமை இயக்கத்தினர் சொல்வார்கள். பெண் என்பதற்காகச் சேவையை மறுக்கக் கூடாது என்பதைச் சட்டமாக்கியது 2000-ம் ஆண்டின் சம அந்தஸ்துச் சட்டம்.

நல்ல ஸ்னக் பார்க்க வேண்டுமென்றால் பேகட் தெருவில் 'டோனர்ஸ்'. கவிஞர் யேட்ஸை நண்பர் ஒருவர் ஒருமுறை இங்கே கூட்டி வந்தாராம். ஒரு ஷெர்ரி குடித்த கவிஞர், 'பப் பாத்தாச்சு, வீட்டுக்குப் போலாம்' என்கிற மாதிரி சொல்லிவிட்டுக் கிளம்பினார் என்று ஒரு கதை. உண்மையோ இல்லையோ, நல்ல விளம்பரம்.

டவுனுக்குள் நடந்தே பார்க்கலாம்

கண்ணுக்கு விருந்து வேண்டுமா? 'தி லாங் ஹால்', 'தி ஸ்டாக்ஸ் ஹெட்' இரண்டும் போதும். விக்டோரியா காலத்து மர வேலைப்பாடு, கண்ணாடி, சரவிளக்கு என்று 19-ம் நூற்றாண்டின் கடைசியில் அமைத்த உள் அலங்காரம் இன்னமும் அப்படியே இருக்கிறது. ரெண்டுக்கும் இடையே சில நிமிட நடைதான்.

அதே வட்டாரத்தில், சௌத் வில்லியம் தெருவில் 'க்ரோகன்ஸ்'. அலங்காரமெல்லாம் கிடையாது. டிவி இல்லை, பாட்டு இல்லை. சுவர் முழுக்க உள்ளூர் ஓவியர்களின் படங்கள், அதுவும் விற்பனைக்கு. சீஸும் ஹாமும் வைத்த டோஸ்ட் சாண்ட்விச்தான் இங்கே ஃபேமஸ். எழுத்தாளர்கள் கூடிய இடம் என்ற பெயர் டப்ளினில் பாதி பப்களுக்கு உண்டு. அந்தப் பேர் இன்னும் கொஞ்சமாவது பொருந்துவது இங்கேதான்.

லிஃபி ஆற்றுப் பக்கம் போனால் பூல்பெக் தெருவில் 'மல்லிகன்ஸ்'. 1854-லிருந்து இதே தெருவில் இருக்கிறது. ஜேம்ஸ் ஜாய்ஸின் 'டப்ளினர்ஸ்' சிறுகதைத் தொகுப்பில் ஒரு கதையில் இந்த பப் வருகிறது. கடிகாரத்தை அடகு வைத்துக் குடிக்கும் ஒரு குமாஸ்தா, இங்கே கைமல்யுத்தத்தில் தோற்று, அவமானத்தோடு வீட்டுக்குப் போய் மகனை அடிக்கிறார். பப்பைக் கொண்டாடும் டூரிஸ்ட் புத்தகங்கள் அந்தக் கடைசிப் பகுதியைப் பெரும்பாலும் சொல்வதில்லை.

'டெம்பிள் பார்' ஏரியா? போட்டோவுக்கு ஓகே. கூட்டமும் விலையும் அதிகம், உள்ளூர்க்காரர்கள் குறைவு. 1198-லிருந்து இருப்பதாகச் சொல்லிக்கொள்ளும் 'பிரேசன் ஹெட்' பப்பின் இப்போதைய கட்டடம் 18-ம் நூற்றாண்டைச் சேர்ந்தது. 'நாட்டிலேயே பழைய பப்' பட்டத்துக்கு அத்லோன் ஊரில் உள்ள 'ஷான்ஸ் பார்' வேறு போட்டிக்கு நிற்கிறது. அந்தப் பஞ்சாயத்தில் நாம் தலையிட வேண்டாம்.

சுடுகாட்டுச் சுவரை ஒட்டி ஒரு பப்

ஒரே ஒரு பப்புக்குத்தான் நேரம் இருக்கிறது என்றால், டவுனை விட்டு வடக்கே கிளாஸ்னெவின் போவது நல்லது. அங்கே 'ஜான் கவானா' என்று போர்டு இருக்கும். ஆனால் எல்லாரும் கூப்பிடுவது 'கிரேவ்டிகர்ஸ்', அதாவது குழி வெட்டுறவங்க.

டேனியல் ஓ'கானெலின் முயற்சியால் 1832-ல் கிளாஸ்னெவின் கல்லறைத் தோட்டம் திறந்தது. கத்தோலிக்கர்கள் தங்கள் முறைப்படி அடக்கம் செய்யவே சிரமப்பட்ட காலம் அது. அடுத்த ஆண்டே, 1833-ல், பழைய வாசலை ஒட்டி இந்த பப் வந்தது. இன்றுவரை அதே குடும்பம்தான் நடத்துகிறது. கல்லறைத் தோட்டத்தில் இப்போது 10 லட்சத்துக்கும் மேற்பட்டோர் அடக்கம். ஓ'கானெல், மைக்கேல் காலின்ஸ் எல்லாம் அங்கேதான் இருக்கிறார்கள்.

குழி வெட்டும் தொழிலாளர்கள் வேலைக்கு நடுவில் பப் சுவரைத் தட்டுவார்களாம், உள்ளிருந்து பீர் வந்துவிடுமாம். இந்தக் கதையைச் சொல்லாத டப்ளின்காரர் குறைவு. தேய்ந்த மரத் தரை, குறுக்கே சின்னத் தடுப்புகள், மங்கலான வெளிச்சம். டிவி கிடையாது, பாட்டும் கிடையாது. அடக்கத்துக்கு வந்தவர்கள் அப்படியே இங்கே வந்து, போனவரைப் பற்றிப் பேசிக்கொண்டிருப்பார்கள். பக்கத்து மேஜையில் யாரோ சும்மா பொழுதுபோக்க வந்திருப்பார். ரெண்டு பேருக்கும் இடம் இருக்கிறது. உருளைக்கிழங்கு, சாசேஜ், பன்றி இறைச்சி போட்டு வேகவைக்கும் 'காடல்' என்ற டப்ளின் ஸ்டைல் ஸ்டூவும் கிடைக்கும்.

காபிள்ஸ்டோன் என்ன ஆச்சு?

ஊர்வலம் போனது வீணாகவில்லை. 2021 நவம்பரில் டப்ளின் மாநகராட்சி ஹோட்டலுக்கு அனுமதி மறுத்தது. கட்டடம் சுற்றுப்புறத்துக்குப் பொருந்தாத அளவுக்குப் பெரியது, கலாசாரத்துக்குப் பயன்படும் இடம் பறிபோகும் என்பவை முக்கியக் காரணங்கள்.

அந்த பப்பில் இரவுதோறும் நடப்பதன் பெயர் 'செஷன்'. மேடை இல்லை, டிக்கெட் இல்லை. ஒரு மூலையில் வாத்தியக்காரர்கள் வட்டமாக உட்கார்ந்து வாசிப்பார்கள். ஃபிடில், புல்லாங்குழல், 'போரான்' என்ற தோல் வாத்தியம், கைக்கு அடியில் துருத்தி வைத்து வாசிக்கும் 'இல்லன் பைப்ஸ்' எல்லாம் இருக்கும். இல்லன் பைப்ஸ் இசையை 2017-ல் யுனெஸ்கோ தன் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. யுனெஸ்கோ பட்டியலில் சேர்த்துவிட்டது சரி, அதை அடுத்த தலைமுறை எங்கே உட்கார்ந்து கத்துக்கும் என்பதுதான் கேள்வி. காபிள்ஸ்டோன் மாதிரி இடம்தான் அதற்குப் பதில். பக்கத்தில் உட்கார்ந்து கேட்டுக் கேட்டே பிடித்துக்கொள்ளும் இசை இது. ஐரிஷ் மொழி வகுப்பும் அங்கே நடந்தது. இதே வழியில் 1962-ல் மெரியன் ரோ 'ஓ'டொனஹூஸ்' பப்பில் பாடத் தொடங்கியவர்கள்தான் பிறகு உலகப் புகழ்பெற்ற 'தி டப்ளினர்ஸ்' குழு.

செஷன் நடக்கும்போது வாத்தியக்காரர் நாற்காலியில் உட்காரக் கூடாது. மெதுவான பாட்டு வந்தால் பேச்சை நிறுத்த வேண்டும். இந்த ரெண்டையும் மறந்தால் முறைப்பது நிச்சயம்.

காபிள்ஸ்டோன் தப்பித்தது, மற்றவை? 2005-க்குப் பிறகு அயர்லாந்து முழுக்க சுமார் 2,000 பப்கள் மூடப்பட்டிருக்கின்றன. கிராமங்களில்தான் அடி பலம். டப்ளினில் பாதிப்பு குறைவு. அந்த நாட்டில் புது பப் லைசென்ஸ் அவ்வளவு சுலபமாகக் கிடைக்காது. ஏற்கெனவே உள்ள ஒரு லைசென்ஸை விலைக்கு வாங்கி, அதை ரத்து செய்துதான் புதியது பெற முடியும். அதனால் கிராமத்தில் நொடித்துப்போன பப்பின் லைசென்ஸ், நகரத்தில் வேறொரு கடைக்குப் போகலாம். போன கிராமத்துக்கு அது திரும்பி வருவது கஷ்டம். கொரோனா காலத்தில் சாப்பாடு விற்காத டப்ளின் பப்கள் 2020 மார்ச்சில் மூடி, 2021 ஜூனில்தான் வெளிப்புற இருக்கைகளோடு மறுபடி திறந்தன.

போறதுக்கு முன்னாடி தெரிஞ்சுக்கோங்க

மேஜைக்கு ஆள் வருவார் என்று காத்திருக்க வேண்டாம். கவுண்டரில் போய்த்தான் கேட்க வேண்டும். கின்னஸ் கேட்டால் உடனே கைக்கு வராது. கிளாஸைச் சாய்த்து முக்கால்வாசி ஊற்றி, நுரை அடங்கும் வரை வைத்து, அப்புறம்தான் நிரப்புவார்கள். 119.5 விநாடி என்று கம்பெனியே ஒரு கணக்கு சொல்கிறது. நடுவில் கையை நீட்டினால் வெளியூர் ஆள் என்று தெரிந்துவிடும்.

கூட்டமாகப் போனால் 'ரவுண்ட்' முறை. ஒருத்தர் எல்லாருக்கும் வாங்குவார், அடுத்த முறை இன்னொருத்தர். நாலு பேர் வாங்கியதைக் குடித்துவிட்டு நம்ம முறை வரும்போது கிளம்பினால், அந்த நட்பு அத்தோடு காலி.

குடிக்காதவர்கள் போகலாமா? தாராளமாக. ஆல்கஹால் இல்லாத கின்னஸும் வந்துவிட்டது. டீ, காபி கிடைக்கும் பப்களும் உண்டு. சும்மா எலுமிச்சை சோடா வைத்துக்கொண்டு செஷன் கேட்டால் யாரும் எழுப்ப மாட்டார்கள். உள்ளே சிகரெட் பிடிக்க முடியாது. பப் உட்பட எல்லாப் பணியிடங்களிலும் புகைப்பிடிக்க நாடு முழுக்கத் தடை விதித்த முதல் நாடு அயர்லாந்து. அது 2004 மார்ச் 29 முதல் அமலில் இருக்கிறது.

மது வாங்க வயது 18. பெற்றோருடன் வரும் 15 வயதுக்கு உட்பட்ட பிள்ளைகள் இரவு 9 மணி வரைதான் இருக்கலாம். மே முதல் செப்டம்பர் வரை 10 மணி. திங்கள் முதல் வியாழன் வரை இரவு 11.30, வெள்ளி, சனி 12.30, ஞாயிறு 11 மணிக்கு விற்பனை முடியும். கிளாஸில் இருப்பதை முடிக்க அதற்குமேல் அரை மணி நேரம் தருவார்கள்.