இஞ்சிப் பாகு வந்த வழி



கள்ளக்குறிச்சியில் வெள்ளிமலைப் பேருந்தில் நீங்கள் ஏறியிருப்பீர்கள். கச்சிராயபாளையம் தாண்டி, கோமுகி அணையும் தாண்டி, வண்டி மலை ஏற ஆரம்பித்ததும் சிலருக்குத் தலை சுற்றும், வயிற்றைப் புரட்டும். விவரம் தெரிந்த பாட்டிமார் மட்டும் ஒரு துண்டு இஞ்சியைக் கடைவாயில் அடக்கிக்கொண்டு நிம்மதியாக உட்கார்ந்திருப்பார்கள். பேருந்து நிலையங்களில் கூவி விற்கிறார்களே இஞ்சி முரப்பா, அதுவும் இதற்காகத்தான். முரப்பா என்பது அரபுப் பெயர். இனிப்பில் ஊறவைத்துப் பதப்படுத்தியது என்று அர்த்தம். இஞ்சி நம்ம பெயர். இந்த இரண்டு பெயரும் ஒரே பொட்டலத்துக்குள் எப்படி வந்து சேர்ந்தன என்பது ஒரு நீண்ட கதை. அதைச் சொல்லிவிட்டு, வீட்டிலேயே இஞ்சிப் பாகு காய்ச்சும் விதத்தையும் சொல்லுகிறேன்.

கதை நம்ம பக்கத்திலேயே தொடங்குகிறது. சங்க இலக்கியமான மலைபடுகடாம் செங்கண்மாவை ஆண்ட நன்னன் மேல் பாடப்பட்டது. அந்தச் செங்கண்மாதான் இன்றைய செங்கம். கல்வராயன் மலைக்கு வடக்கே இருக்கிற ஊர். அந்த மலைக்காட்டில் தினை, வரகு, எள், அவரையோடு இஞ்சியும் காரமேறி விளைந்து கிடந்ததை அந்தப் புலவர் விவரமாகச் சொல்லியிருக்கிறார். காவிரிக்கரையைப் பாடிய பட்டினப்பாலையிலும் வாழை, கமுகு, மஞ்சள், சேம்பு இவற்றோடு இஞ்சி இருக்கிறது. ஆக, மலையிலும் விளைந்தது, சமவெளித் தோட்டத்திலும் விளைந்தது.

பெயரையும் பாருங்கள். 'இஞ்சி வேர்' என்று நாம் சொன்னதுதான் பாலி மொழியில் சிங்கிவேரம் ஆகி, கிரேக்கத்தில் ஸிங்கிபெரிஸ் ஆகி, அரபியில் ஸன்ஜபீல் ஆகி, கடைசியில் இங்கிலீஷ்காரன் வாயில் ஜிஞ்சர் ஆனது என்று மொழி ஆராய்ச்சியாளர் பலர் கருதுகிறார்கள். சரக்கு போன வழியிலேயே பெயரும் போயிருக்கிறது.

ரோமாபுரியில் இஞ்சிக்கு என்ன விலை தெரியுமா? முதல் நூற்றாண்டில் வாழ்ந்த பிளினி என்பவர் எழுதி வைத்திருக்கிறார். ஒரு ரோம ராத்தல், அதாவது நம்ம கணக்கில் முந்நூற்றிச் சொச்சம் கிராம், ஆறு டெனாரி வெள்ளிக்காசு. கறுமிளகு நாலு டெனாரிதான். ஆனால் அந்த மனிதருக்கு அது எந்த நாட்டில் விளைகிறது என்று சரியாகத் தெரியவில்லை. அரபு நாட்டுச் சரக்கு என்று எழுதிவிட்டார். நடுவில் இருக்கிற வியாபாரி, சரக்கு எங்கிருந்து வருகிறது என்பதை வாங்குகிறவனிடம் சொல்வதில்லை. இது இன்றைக்கு வந்த பழக்கம் இல்லை.

இஞ்சியில் ஒரு சங்கடம் உண்டு. பச்சையாக வெகுநாள் நிற்காது. ஈரம் பட்டால் அழுகும், காற்றுப் பட்டால் வதங்கும். வெட்டியெடுத்த இஞ்சியை வண்டி ஏற்றிச் சந்தைக்குக் கொண்டுபோய், கேட்ட விலைக்குத் தள்ளிவிட்டு வந்தவர்களுக்கு இதை நான் சொல்ல வேண்டியதில்லை. அக்காலத்துக் கப்பல்காரனுக்கும் இதே கவலைதான். அதற்குப் பல வழி கண்டார்கள். ஒன்று, காயவைத்துச் சுக்காக்குவது. நூறு கிலோ பச்சை இஞ்சிக்குச் சுமார் இருபது கிலோ சுக்கு நிற்கும். இன்னொன்று, பதப்படுத்தி மண்ஜாடியில் அடைப்பது. பிளினி காலத்துக் கிரேக்க வைத்தியர் டயாஸ்கோரிடிஸ், இஞ்சி சீக்கிரம் கெட்டுவிடுவதால் ஜாடியில் ஊறவைத்து இத்தாலிக்குக் கொண்டுவருகிறார்கள், அந்த ஊறலோடு சேர்த்தே சாப்பிடுகிறார்கள் என்று குறிக்கிறார். மூன்றாவது வழி வேடிக்கையானது. 1340களில் கோழிக்கோட்டுத் துறைமுகத்தைப் பார்த்த இப்னு பதூதா, சீனக் கப்பலோட்டிகள் கப்பல் மேலேயே மரத்தொட்டிகளில் கீரையும் காய்கறியும் இஞ்சியும் பயிர் செய்ததை எழுதியிருக்கிறார். கடல் நடுவே வீட்டுத்தோட்டம்!

இனிப்பு விஷயத்துக்கு வருவோம். சர்க்கரை என்ற சொல்லும் இந்த நாட்டிலிருந்து போனதுதான். பாரசீகம், அரபு நாடு வழியே போய்த்தான் அது சுகர் ஆனது. மருந்தைச் சர்க்கரைப் பாகில் கலந்து வைத்தால் கெடாது என்பதைப் பெரிய அளவில் கையாண்டவர்கள் அரபு வைத்தியர்கள். பானத்துக்கு அவர்கள் சொன்ன ஷராப் என்ற சொல்லிலிருந்து சிரப் வந்தது; நம்ம சர்பத்தும் அந்த வேரில் கிளைத்ததுதான். சொர்க்கத்தில் கிடைக்கும் பானத்தில் ஸன்ஜபீல் கலந்திருக்கும் என்று குர்ஆனில் வருகிறது என்றால், அந்த மக்கள் இஞ்சியை எவ்வளவு உயர்வாக வைத்தார்கள் பாருங்கள். பிற்காலத்தில் பிரிட்டிஷ் மருந்து நூலிலும் இஞ்சி சிரப் இடம்பெற்றது. கசப்பு மருந்தின் சுவையை மறைக்க அதைச் சேர்த்தார்கள்.

16ஆம் நூற்றாண்டில் ஸ்பானியர் இஞ்சிக் கிழங்கைக் கரீபியன் தீவுகளுக்குக் கொண்டுபோய் நட்டார்கள். ஜமைக்கா இஞ்சி உலகச் சந்தையில் பேர் வாங்கியது. பிரேசிலுக்கும் போயிற்று. அங்கிருந்து ஒரு ரகம் 'ரியோ டி ஜெனிரோ' என்ற ஊர்ப்பெயரோடு நம்ம நாட்டுக்கே திரும்பி வந்திருக்கிறது! கேரளத்தில் பச்சை இஞ்சிக்கு அதைத்தான் விரும்பிப் போடுகிறார்கள். சாறு நிறைய உள்ள ரகம், பாகுக்கு ஏற்றது. கோழிக்கோட்டில் உள்ள இந்திய நறுமணப் பயிர்கள் ஆராய்ச்சி நிலையம் வெளியிட்ட வரதா ரகமும் நார் குறைந்ததுதான்.

இப்போது என் கதை ஒன்று. பல வருஷங்களுக்கு முன் மலைக்கிராமம் ஒன்றில் தாய்மார்களுக்கு இஞ்சிப் பாகு செய்துகாட்டினேன். கையில் இருந்தது வெல்லம். சிக்கனமாகச் செய்யலாம் என்று வெல்லத்தைக் குறைத்து, பாகையும் இளக்கமாகவே இறக்கி, பாட்டிலில் இறுக்கி அடைத்துக் கொடுத்துவிட்டு வந்தேன். அது சித்திரை மாதம். அடுத்த தடவை போனபோது மூன்று பாட்டில் மூடி தெறித்து, ஒன்று வெடித்தே போயிருந்தது. ஒரு அம்மா சிரித்துக்கொண்டே சொன்னார்: "சார், வெல்லம் ரெண்டு மூட்டை ஏத்தினாலே எங்களைக் கேள்வி கேக்கறாங்க. நீங்க வந்து ஊறலே போட்டுக் குடுத்துட்டுப் போயிட்டீங்களே!" வெட்கமாகப் போய்விட்டது. அந்தச் சிரிப்புக்குப் பின்னால் இருந்த வருத்தமும் எனக்குப் புரிந்தது. 2024 ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் மெத்தனால் கலந்த சாராயத்தால் அறுபதுக்கு மேற்பட்டவர்கள் மாண்டுபோன பிறகு, அந்த அம்மா சொன்னது அடிக்கடி நினைவுக்கு வருகிறது. மெத்தனால் வெல்லத்தில் ஊறி வருவதல்ல, தொழிற்சாலைச் சரக்கு. ஆனால் சந்தேகம் என்னவோ வெல்லம் வாங்குகிற வீட்டின் மேல்தான் விழுகிறது.

என் பாட்டிலில் நடந்தது என்ன? சர்க்கரை குறைந்த பாகில் காற்றிலுள்ள ஈஸ்ட் நுண்ணுயிர் வளர்ந்து, இனிப்பைத் தின்று, வாயுவைக் கக்கியிருக்கிறது. 18ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில் இதையே வேண்டுமென்று செய்து ஜிஞ்சர் பீர் என்று விற்றார்கள். வாயு போகாமல் பாட்டிலை அடைப்பதே அப்போது பெரும்பாடு. சோடாவுக்காக ஹிராம் காட் என்பவர் 1872இல் காப்புரிமை வாங்கிய கோலி பாட்டில்தான் நம்ம ஊர்க் கோலி சோடா. நமக்கு அந்தப் புளிப்பு வேண்டாம். பாகில் நூற்றுக்கு 65 பங்குக்கு மேல் சர்க்கரை இருந்தால் நுண்ணுயிருக்கு வேண்டிய தண்ணீர் அதில் கிடைக்காது, பாகும் நிற்கும்.

செய்முறையைக் கேளுங்கள். ஆறு மாதத்தில் வெட்டிய இளம் இஞ்சி கால் கிலோ. முற்றினால் நார் கூடும். நன்றாகக் கழுவித் தோல் சீவி, அரை லிட்டர் தண்ணீர் விட்டு அரைத்துத் துணியில் பிழியுங்கள். ஒரு மணி நேரம் அசையாமல் வைத்தால் அடியில் வெள்ளையாகப் படியும். அதை நஞ்சு என்று நம்ம வீடுகளில் கொட்டிவிடுகிறார்கள். பயப்படாதீர்கள், அது வெறும் மாவுச்சத்து. ஆனாலும் பாகு கலங்காமல் இருக்க மேல் தெளிவை மட்டும் இறுத்துக்கொள்ளுங்கள். தெளிவு அரை லிட்டருக்கு ஒரு கிலோ சர்க்கரை. கொதித்ததும் நுரை, அழுக்கை எடுத்துவிட்டு, இரண்டு எலுமிச்சம்பழச் சாறு விட்டு இன்னும் ஐந்து நிமிஷம் காய்ச்சி இறக்குங்கள். புளிப்பு சேர்ந்தால் பாகு கற்கண்டு பிடிக்காது. வெல்லத்தில் செய்வதானால் மண் போகக் கரைத்து வடிகட்டி, கம்பிப் பதம் வரும்வரை காய்ச்ச வேண்டும். கொஞ்சமாகச் செய்து சீக்கிரம் செலவழித்துவிடுவதே நல்லது. பாட்டிலை வெந்நீரில் கொதிக்கவைத்து, ஈரம் போகக் காயவைத்து, பாகு சூடாக இருக்கும்போதே நிரப்புங்கள். ஈரக்கரண்டி உள்ளே போகக் கூடாது.

ஒரு தம்ளர் தண்ணீருக்கு இரண்டு கரண்டிப் பாகு போதும். கதிர் அறுத்துவிட்டு வெயிலில் வருகிறவர்களுக்கு ஒரு சிட்டிகை உப்பும் சேர்த்துக் கொடுங்கள். சர்க்கரை நோய் உள்ளவர்களுக்கு இது ஆகாது. ரத்தம் உறையாமலிருக்க மருந்து சாப்பிடுகிறவர்கள் டாக்டரைக் கேட்டுக்கொண்டு குடிக்கட்டும். பாலில் கலப்பதானால் எலுமிச்சை சேர்க்காமல் தனியாகச் செய்துகொள்ளுங்கள். பச்சை இஞ்சிச்சாறு பாலைத் திரித்துவிடும், கொதித்த சாறு திரிக்காது. சீனாவில் குவாங்டாங் பக்கத்தில் அந்தப் பச்சைச் சாற்றை வைத்தே பாலை உறையவைத்து இனிப்பு செய்கிறார்கள்.

விற்கப் போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. 1955 முதல் இருந்த பழப் பொருள் உத்தரவு போய், இப்போது 2006ஆம் ஆண்டு உணவுப் பாதுகாப்புச் சட்டம் நடப்பில் இருக்கிறது. சின்ன அளவில் செய்கிறவர்களும் பதிவு செய்துகொள்ள வேண்டும். பாட்டிலில் தயாரித்த தேதி ஒட்டுங்கள். பிழிந்த சக்கையைக் குப்பையில் போடாமல் புளி, மிளகாய் வைத்துத் துவையலாக அரைத்துவிடலாம், கம்பங்கூழுக்கு நன்றாக இருக்கும்.