டெல்லி கால்ஃப் கிளப்

புது டெல்லியின் ஜாகிர் உசேன் சாலையில் உள்ள கால்ஃப் திடல். 1930களின் தொடக்கத்தில் உருவானது. 18 குழிகள் கொண்ட லோதி திடலில்தான் பெரிய போட்டிகள் நடக்கும். 9 குழிகளுக்கு ‘பீகாக்’ என்ற சிறு திடலும் உண்டு. ஆட்டப் பாதைகளுக்கு நடுவே பழைய கல்லறை மண்டபங்கள் நிற்கின்றன, மயில்கள் திரிகின்றன. பாதைகள் குறுகல், இருபுறமும் அடர்ந்த புதர். அதனால் தூரமாக அடிப்பவரைவிட நேராக அடிப்பவருக்கே இங்கு மதிப்பு.

இந்தியன் ஓப்பன் கால்ஃப் போட்டி 1964இல் இங்கேதான் தொடங்கியது. அந்த முதல் கோப்பையை வென்றவர் ஆஸ்திரேலியாவின் பீட்டர் தாம்சன். பின்னாளில் இத்திடலைத் திருத்தி அமைத்தவரும் அவரே. அண்மை மறுவடிவமைப்பு தென்னாப்பிரிக்க வீரர் கேரி பிளேயருடையது.

கால்ஃப் பணக்காரர் விளையாட்டு என்ற பேச்சுக்கு இத்திடலின் வெற்றிப் பட்டியலே பதில் சொல்லும். 1991இல் இந்தியன் ஓப்பனை வென்ற அலி ஷெர், பிறர் ஆட மட்டைப்பை சுமந்த ‘கேடி’. இப்போட்டியை வென்ற முதல் இந்தியத் தொழில்முறை வீரர் அவர்தான். 2015இல் அனிர்பன் லாகிரியிடம் கூடுதல் ஆட்டத்தில் தோற்ற எஸ்.எஸ்.பி. சௌராசியா, மறு ஆண்டே இங்கு வென்றார். அவருடைய தந்தை ராயல் கல்கத்தா கால்ஃப் கிளப்பில் புல்தரை பராமரித்தவர்.

2017இல் இந்தியன் ஓப்பன் போட்டி குருகிராமின் டிஎல்எஃப் திடலுக்குப் போனது.