செடி பறிச்சா போதாது, சீட்டும் எழுதணும்

காலேஜில் தாவரவியலோ விலங்கியலோ படிச்சவங்களுக்கு முதல் வாரமே ஒரு சட்டப் பட்டியல் வாசிச்சுக் காட்டியிருப்பாங்க. அட்டெண்டன்ஸ் 75 சதவீதம் வேணும். கோட் போடாம லேபுக்குள்ள காலை வைக்கக்கூடாது. ரெக்கார்டு நோட்டில் கையெழுத்து இல்லைன்னா பிராக்டிகல் பரீட்சைக்கு விடமாட்டோம். டூர் போய்ட்டு வந்து ஹெர்பேரியம் ஷீட் வைக்கணும்.

முதல் மூணும் நம்மை மேய்க்கிறதுக்கான சட்டம். டிகிரி வாங்கினதும் அதோட ஆயுசு முடிஞ்சிடும். நாலாவது மட்டும் வேற ரகம். நாம எழுதி வெச்சது நமக்கப்புறமும் இருக்கும், நூறு வருஷம் கழிச்சும் ஒருத்தர் அதை எடுத்துப் பார்ப்பார். இது எப்படின்னு புரியணும்னா செண்பகனூர் கதை தெரியணும்.

வத்தலக்குண்டிலிருந்து கொடைக்கானலுக்கு மலை ஏறினா, ஊருக்குள் நுழையறதுக்கு ஐந்தாறு கிலோமீட்டர் முன்னாடி வர்ற ஊர். வெள்ளி நீர்வீழ்ச்சியில் போட்டோ எடுத்த கையோட எல்லாரும் ஏரியைப் பார்க்கப் பறந்துடுவாங்க. இங்கே 1895-ல் இயேசு சபைத் துறவிகள் திரு இருதயக் கல்லூரியைத் தொடங்கினாங்க. துறவியாகப் போகிறவங்களுக்குத் தத்துவம் சொல்லிக்கொடுக்கிற இடம். அதே வருஷம் ஆரம்பிச்சதுதான் செண்பகனூர் இயற்கை வரலாற்று அருங்காட்சியகம். பாடம் செய்த விலங்குகள், பறவைகள், பூச்சிகள், கூடவே முந்நூறு வகைக்கு மேல் ஆர்க்கிட் வளர்த்த தோட்டம்.

இங்கிருந்து பழனி மலைக் காடுகளைக் கால்நடையாகச் சுத்தினவங்க பட்டியல் பெரிசு. ஆங்கிலேட் பாதிரியார் செடிகளை வண்ண ஓவியமாக வரைஞ்சார். அதோட நிக்காம, மலையில் இருக்கிற கற்திட்டைகளைப் பத்தி நியூட்டன் என்கிற இன்னொரு பாதிரியாரோட சேர்ந்து எழுதினதைத் தொல்லியல் துறை 1928-ல் வெளியிட்டது. ஃபொரோ பாதிரியார் யாரும் திரும்பிப் பார்க்காத பாசிகளை, அதுவும் பாறையிலும் மரப்பட்டையிலும் ஒட்டிக்கிட்டு இருக்கிற மாஸ் வகைகளைப் பிடிச்சுக்கிட்டார். பழனி மலை மாஸ்களைப் பத்தின அவரோட பட்டியல் 1961-ல் அச்சில் வந்தது. அப்புறம் கே.எம். மேத்யூ பாதிரியார் (1930-2004). திருச்சி செயின்ட் ஜோசப் கல்லூரியில் 1967-ல் ரபினாட் ஹெர்பேரியத்தைத் தொடங்கினவர். செண்பகனூரில் ஆங்கிலேட் பேரிலேயே ஒரு இயற்கை ஆய்வு நிறுவனமும் தொடங்கினார். 1999-ல் பழனி மலைத் தாவரங்கள் பத்தி மூணு தொகுதி வெளியிட்டார்.

இவங்க எல்லாருக்கும் பொதுவான விஷயம் பக்தி மட்டுமில்லை, சீட்டு. அதாவது லேபிள்.

தெரியாதவங்களுக்காக: செடியைப் பூவோட பறிச்சு, பழைய நியூஸ்பேப்பருக்குள்ள விரிச்சு, மேலே பாரம் வெச்சு அழுத்தணும். தினமும் பேப்பர் மாத்தணும். கொடைக்கானல் ஈரத்தில் ஒரு நாள் சோம்பல்பட்டாலும் பூஞ்சை பிடிச்சுடும். காய்ஞ்சதும் சுமார் 42-க்கு 28 சென்டிமீட்டர் அட்டையில் ஒட்டி, வலது கீழ் மூலையில் சீட்டு. செடியோட பேர், குடும்பம், பறிச்ச இடம், உயரம், தேதி, பறிச்சவர் பேர், அவரோட வரிசை எண். பூவோட நிறத்தையும் அங்கேயே எழுதிடணும், ஏன்னா காய்ஞ்சப்புறம் நீலமும் ஊதாவும் பழுப்பாயிடும்.

இதில் செடியோட பேர் தப்பா இருந்தாக்கூட பரவாயில்லை. பின்னாடி வர்றவர் காய்ஞ்ச செடியைப் பார்த்தே திருத்திடுவார். ஆனா இடமும் தேதியும் தப்பா இருந்தா யாராலும் திருத்த முடியாது. செடி அதைச் சொல்லாது.

டார்வினே இதில் மாட்டியிருக்கார். 1835-ல் கலாபகஸ் தீவுகளில் பிடிச்ச குருவிகளில் எது எந்தத் தீவுன்னு அவர் தனித்தனியா குறிச்சு வைக்கலை. லண்டனில் ஜான் கூல்ட் அதெல்லாம் வேற வேற இனம்னு 1837-ல் சொன்னப்புறம், கப்பலில் கூட வந்தவங்க சேகரிச்ச குருவிகளோட சீட்டைப் பார்த்துத்தான் தீவுக் கணக்கை ஓரளவு சரிபண்ண முடிஞ்சது. மத்தவங்க ஒழுங்கா எழுதி வெச்சிருந்தாங்க, மனுஷன் தப்பிச்சார் :-)

பழனி மலைக்கு வருவோம். 20ஆம் நூற்றாண்டில் மலை உச்சிப் புல்வெளிகளில் சீகை (வாட்டில்), யூகலிப்டஸ், பைன்னு வெளிநாட்டு மரங்களை நட்டாங்க. இன்னைக்குக் காடு மாதிரி தெரியற பல இடம் ஒரு காலத்தில் வெறும் புல்வெளி. அங்கே என்னென்ன பூத்ததுன்னு யாருக்குத் தெரியும்? பழைய ஷீட்டுகளுக்குத்தான் தெரியும். கொடைக்கானலில் குடியேறின வெளிநாட்டுச் செடிகளைப் பத்தி மேத்யூ 1969-லேயே ஒரு ஆய்வு வெளியிட்டார். எந்தச் செடி எந்த வருஷம் எங்கே வளர்ந்துதுன்னு யாரோ தேதி போட்டு எழுதி வெச்சாத்தான் இந்த மாதிரி வேலைக்கு ஆதாரம் கிடைக்கும். புல்வெளியை மீட்கணும்னு இன்னைக்குப் பேசறவங்களும் அந்தச் சீட்டைத்தான் தேடிப் போகணும்.

இப்ப நம்ம காலேஜ் நிலவரம். நான் படிச்ச இடத்தில் (பேர் வேண்டாம்) இத்தனை ஷீட்டுன்னு எண்ணிக்கைக்குத்தான் மார்க். விளைவு? சீனியர் வெச்ச ஷீட்டே லேபிள் மட்டும் மாறி அடுத்த வருஷமும் வரும். காலேஜ் காம்பவுண்டில் பறிச்ச செடிக்குக் கொடைக்கானல்னு சீட்டு ஒட்டியிருக்கும். வாங்கறவங்களுக்கும் தெரியும், கொடுக்கறவங்களுக்கும் தெரியும். வகுப்பை கட் அடிச்சா நஷ்டம் அவனுக்கு மட்டும். பொய்ச் சீட்டு எழுதினா, அது ஹெர்பேரியத்துக்குள்ள போய்ட்டா, நஷ்டம் அடுத்து படிக்கிற அத்தனை பேருக்கும். ஆனா முதல் குத்தத்துக்குத்தான் பரீட்சை எழுத விடறதில்லை!

இன்னொரு பக்கமும் இருக்கு. அறுபது பேர் டூர் போய், ஆளுக்கொரு ஆர்க்கிட்டை வேரோட பிடுங்கினா சோலைக்காடு தாங்குமா? 2013-ல் கொடைக்கானல் வனவிலங்கு சரணாலயம் அறிவிச்சாச்சு. சரணாலயத்துக்குள்ள அனுமதி இல்லாம செடி பறிக்கிறது சட்டப்படி தப்பு. விலங்கியலில் 2014-ல் பல்கலைக்கழக மானியக்குழு விலங்குகளை அறுக்கிறதை நிறுத்தச் சொல்லிடுச்சு. அந்த ஷீட் எண்ணிக்கைச் சட்டத்தையும் அதே மாதிரி மாத்தி எழுத வேண்டிய நேரம்தான்.

என்னைக் கேட்டா: எண்ணிக்கையை அடியோட குறைங்க. காட்டுக்குப் போனா போட்டோ எடுங்க, நோட்டில் எழுதுங்க, செடியை விட்டுடுங்க. ஷீட் வேணும்னா அவங்கவங்க தெருவில் இருக்கிற குப்பைமேனியும் தும்பையும் போதும். மார்க்கைச் சீட்டுக்குக் கொடுங்க: இடம் சரியா, தேதி சரியா, பறிச்சது நீதானா? வாத்தியாருக்கும் இதில் பொறுப்பு உண்டு. பொய்னு தெரிஞ்ச ஷீட்டில் கையெழுத்துப் போடக்கூடாது.

நம்ம தெருத் தும்பை இன்னும் ஐம்பது வருஷத்தில் இருக்குமோ இருக்காதோ. ஒரு காலத்தில் இங்கே இருந்துச்சுன்னு சொல்ல, ஒழுங்கா எழுதின ஒரு சீட்டு இருந்தாப் போதும். உங்க காலேஜில் இந்த ஹெர்பேரியம் கூத்து எப்படி நடந்துச்சு? சொல்லுங்க மக்கா.