மண்ணுக்கடியில் ஒரு வானம்

மாஸ்கோ நகரின் சுரங்க இரயில் நிலையங்களுள் மாயக்கோவ்ஸ்காயா தனிச்சிறப்புடையது. கவிஞர் மாயக்கோவ்ஸ்கியின் பெயர் தாங்கிய அந்நிலையம், ஏறத்தாழ 33 மீட்டர் ஆழத்தில் அமைக்கப்பெற்று, 1938ஆம் ஆண்டு செப்டம்பர் 11ஆம் நாள் திறக்கப்பெற்றது. அத்துணை ஆழத்தில் மண்ணின் பாரத்தைத் தாங்கப் பருத்த சுவர்த்தூண்களை எழுப்புவதே அதுவரை வழக்கம். கட்டடக் கலைஞர் அலெக்சி துஷ்கினோ, அப்பாரத்தை எஃகுத் தூண்களின்மீது ஏற்றி, ஒடுங்கிய தூண்வரிசைகளுக்கிடையே அகன்ற கூடத்தைப் படைத்தார். அதன் விதானத்தில் ஓவியர் தெய்னேகாவின் 34 மொசைக் ஓவியங்கள் சோவியத் வானத்தின் ஒருநாட் பொழுதைக் காட்டுகின்றன. விமானங்களும் வான்குடை வீரர்களும் அவற்றில் பறக்கின்றனர்.

மூன்றே ஆண்டுகளில் மெய்யான வானம் அச்சத்திற்கு உரியதாயிற்று. 1941இல் செர்மானிய விமானங்கள் குண்டு பொழிந்தபோது, மக்கள் இந்நிலையத்தில் தஞ்சம் புகுந்தனர். நவம்பர் 6ஆம் நாள் அக்டோபர் புரட்சியின் ஆண்டுவிழாக் கூட்டமும் இங்கேயே நடைபெற்றது, ஸ்டாலின் உரையாற்றினார். பயணத்திற்கெனக் கட்டிய கூடம், ஓவிய வானத்தின்கீழ் உயிர்காக்கும் அரணாயிற்று.