ஆண்டுக்கு ஒரு கையெழுத்து

இன்றைய பதிவு கொஞ்சம் நீளம். காபியைக் கையில் வைத்துக்கொண்டு நிதானமாகப் படியுங்கள்.

போன வாரம் இரவு அமெரிக்காவிலிருந்து ஒரு வாட்ஸ்அப் அழைப்பு. 1992இல் என்னிடம் எட்டாம் வகுப்பு படித்த மாணவி. அவள் மகள் அங்கே ஓர் அரசுப் பல்கலைக்கழகத்தில் இரண்டாம் ஆண்டு படிக்கிறாள். அங்குள்ள தமிழ் மன்றத்துக்கு இந்த ஆண்டு அவள்தான் செயலாளர். "சார், இவ ஒரே கோபத்துல இருக்கா. நீங்க பேசுனா கேப்பா" என்று போனை மகளிடம் கொடுத்துவிட்டாள்.

விஷயம் இதுதான். அங்கே மாணவர் மன்றங்கள் ஒவ்வோர் ஆண்டும் பதிவைப் புதுப்பிக்க வேண்டும். புதிய பொறுப்பாளர்கள் யார், ஆலோசகராக இருக்கும் பேராசிரியர் யார், மன்றத்தின் விதிமுறைகள் என்ன என்று எழுதி, பல்கலைக்கழக விதிகளுக்குக் கட்டுப்படுகிறோம் என்று கையெழுத்திட வேண்டும். நம் ஊரில் சங்கங்கள் மாவட்டப் பதிவாளரிடம் ஆண்டுதோறும் கணக்கும் உறுப்பினர் பட்டியலும் தாக்கல் செய்கிறதே, அதுபோல. இவர்களுடைய பழைய ஆலோசகர் ஓய்வு பெற்றுப் போய்விட்டார். கெடு முடியப் பத்து நாள். தவறினால் பொங்கல் விழாவுக்கு அரங்கம் கிடைக்காது, மன்றத்தின் பணத்தையும் எடுக்க முடியாது.

"தாத்தா, போன வருஷமும் நாங்கதான், இந்த வருஷமும் நாங்கதான். ஒவ்வொரு வருஷமும் நாங்க யாருன்னு இவங்ககிட்ட ஏன் சொல்லணும்? பர்மிஷன் கேட்டுத்தான் தமிழ் பேசணுமா?"

நல்ல கேள்வி. உடனே பதில் சொல்ல எனக்கு வரவில்லை. "நாளைக்குக் கூப்பிடும்மா" என்றேன். அன்றிரவும் மறுநாளும் படித்ததை, ஏற்கெனவே தெரிந்ததோடு சேர்த்து அவளிடம் சொன்னேன். அதையே உங்களுக்கும் சொல்கிறேன்.

முதலில் இங்கிலாந்து. கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் 1815இல் மாணவர்களின் விவாதக் குழுக்கள் ஒன்றுசேர்ந்து 'கேம்பிரிட்ஜ் யூனியன்' என்ற சங்கத்தைத் தொடங்கினார்கள். நெப்போலியனோடு நடந்த போர் அப்போதுதான் முடிந்திருந்தது. நாட்டில் வேலையில்லை, ரொட்டி விலை ஏறிக் கிடந்தது, ஊருக்கு ஊர் கூட்டங்கள். நாலு பேர் கூடினாலே அரசாங்கத்துக்குப் பயம். 1817 மார்ச்சில் ஆட்கொணர்வு உரிமையையே நிறுத்திவைத்தார்கள். அதே மாதம் துணைவேந்தரின் ஆணையோடு பிராக்டர்கள் யூனியனின் கூட்டத்துக்குள் வந்தார்கள். பிராக்டர் என்றால் மாணவர் ஒழுக்கத்தைக் கவனிக்கும் பல்கலைக்கழக அலுவலர். கலைந்து போங்கள் என்றார்கள்.

அன்று தலைமை வகித்தவர் வில்லியம் ஹ்யூவெல் என்ற இளைஞர். ஆங்கிலத்தில் 'சயின்டிஸ்ட்' என்ற சொல்லைப் பின்னாளில் உருவாக்கியவர் இவர்தான். வெளியாட்கள் வெளியே போகட்டும், நீங்கள் கொண்டுவந்த செய்தியை அவை பரிசீலிக்கும் என்று பிராக்டர்களிடமே அவர் சொன்னதாக ஒரு கதை உண்டு. கதை எப்படியோ, சங்கம் மூடப்பட்டது. மறுபடி 1821இல் திறக்க விட்டார்கள், ஒரு நிபந்தனையோடு: நடப்பு அரசியலைப் பேசக்கூடாது.

இந்த நிபந்தனையைக் கவனியுங்கள். யார் தலைவர், எங்கே கூடுகிறீர்கள், இடத்தைச் சேதப்படுத்தாமல் இருப்பீர்களா என்று கேட்டிருந்தால் அது வீட்டுக்காரர் குடியிருப்பவரிடம் கேட்கிற கேள்வி. எதைப் பற்றிப் பேசலாம் என்று வரையறுத்தது வேறு வகை.

இந்த இரண்டு வகைக் கேள்விகளையும் தெளிவாகப் பிரித்துக் காட்டிய வழக்கு, ஒன்றரை நூற்றாண்டு கழித்து அமெரிக்காவில் வந்தது.

1969, கனெக்டிகட் மாநிலம், நியூ பிரிட்டன் ஊர், சென்ட்ரல் கனெக்டிகட் ஸ்டேட் கல்லூரி. வியட்நாம் போர்க் காலம். பல கல்லூரிகளில் மாணவர்கள் கட்டடங்களைக் கைப்பற்றி உட்கார்ந்திருந்தார்கள். அதில் அதிகம் அடிபட்ட பெயர் 'ஜனநாயக சமூகத்துக்கான மாணவர்கள்' என்ற தேசிய அமைப்பு. அதன் கிளை ஒன்றைத் தொடங்க, கேத்தரின் ஹீலி உள்ளிட்ட சில மாணவர்கள் கல்லூரி அங்கீகாரம் கேட்டு விண்ணப்பித்தார்கள்.

மாணவர்களும் ஆசிரியர்களும் இருந்த குழு ஒன்று அவர்களை விசாரித்தது. தேசிய அமைப்பு சொல்வதைக் கேட்டு நடப்பீர்களா என்று கேட்டதற்கு, நாங்கள் தனித்து இயங்குவோம் என்றார்கள். கலாட்டா செய்வீர்களா என்ற கேள்விக்கு, பிரச்சினை என்னவென்று தெரியாமல் இப்போதே எப்படிச் சொல்வது என்கிற மாதிரி இழுத்தார்கள். ஆனாலும் குழு 6க்கு 2 என்ற கணக்கில் அனுமதிக்கலாம் என்றது. கல்லூரித் தலைவர் ஜேம்ஸ் மறுத்துவிட்டார். இந்த அமைப்பின் கொள்கை கல்லூரியின் கொள்கைக்கு விரோதம் என்பது அவர் வாதம்.

அங்கீகாரம் இல்லையென்றால் என்ன ஆகும்? கூட்டத்துக்கு அறை இல்லை. அறிவிப்புப் பலகையில் ஒரு தாள் ஒட்ட முடியாது. கல்லூரிப் பத்திரிகையில் செய்தி போட முடியாது. அடுத்து என்ன செய்யலாம் என்று பேச கல்லூரிக் காபிக் கடையில் உட்கார்ந்தபோது, அங்கிருந்தும் கலைந்துபோகச் சொல்லி உத்தரவு வந்தது.

வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. 1972 ஜூன் 26இல் தீர்ப்பு. எழுதியவர் நீதிபதி லூயிஸ் பவல். அவர் புரட்சிக்காரர் இல்லை, அமெரிக்க வழக்கறிஞர் சங்கத்தின் தலைவராக இருந்தவர். அவர் சொன்னதன் சாரம் இது. ஓர் அமைப்பின் கருத்து பிடிக்கவில்லை என்பதற்காக அரசுக் கல்லூரி அதை மறுக்கக்கூடாது. வெளியே உள்ள அமைப்போடு தொடர்பு என்பது மட்டும் காரணம் ஆகாது. மறுத்தால், காரணம் காட்டும் பொறுப்பு கல்லூரியுடையது. அதே நேரம், நியாயமான வளாக விதிகளுக்குக் கட்டுப்படுகிறோம் என்று மன்றம் உறுதி தர வேண்டும் எனக் கல்லூரி கேட்கலாம். அந்த உறுதியைத் தர மறுப்பவர்களுக்கு அங்கீகாரத்தை மறுக்கலாம். இந்த மாணவர்கள் கட்டுப்படுவார்களா என்பது தெளிவாகவில்லை என்று வழக்கைக் கீழே திருப்பி அனுப்பினார்கள்.

ஒன்பது ஆண்டு கழித்து 1981இல் இன்னொரு வழக்கு. மிசௌரி பல்கலைக்கழகத்தின் கன்சாஸ் சிட்டி வளாகத்தில், பதிவு பெற்ற மாணவர் குழுக்கள் நூற்றுக்கும் மேல். அவற்றில் ஒரு கிறிஸ்தவ மாணவர் குழுவுக்கு மட்டும், வழிபாடு நடக்கிறது என்று அறை மறுத்தார்கள். மற்ற குழுக்களுக்குக் கதவைத் திறந்துவிட்டு, பேசும் பொருளைப் பார்த்து ஒருவருக்கு மட்டும் மூடக்கூடாது என்றது நீதிமன்றம். அந்தத் தீர்ப்பையும் பவல்தான் எழுதினார். முதல் வழக்கு இடதுசாரி மாணவர்களுடையது, இரண்டாவது பக்தி மாணவர்களுடையது. அளந்த படி ஒன்றுதான்.

"பாப்பா, உன் படிவத்தில் என்ன கேட்டிருக்கிறார்கள் என்று வாசி" என்றேன். பெயர், பொறுப்பு, ஆலோசகர், விதிமுறை, கட்டுப்படுகிறோம் என்ற கையெழுத்து. "உங்கள் கருத்து என்ன என்று ஒரு கட்டம் இருக்கிறதா?" இல்லை என்றாள். "அந்தக் கட்டம் இல்லாமல் இருக்கத்தான் 1972இல் உன் வயதுப் பிள்ளைகள் கோர்ட்டுக்குப் போனார்கள்."

ஆண்டுதோறும் எதற்கு என்பதற்கும் காரணம் உண்டு. மாணவர் மன்றத்தில் ஆள் நிலையில்லை. நாலு வருஷத்தில் முழுக் கூட்டமும் மாறிவிடும். போன ஆண்டுச் செயலாளர் வேறு மாநிலத்தில் வேலைக்குப் போயிருப்பான், பணக்கணக்கு அவன் பெயரில் கிடக்கும். வருஷத்துக்கு ஒருமுறை பெயர் எழுதினால்தான் சாவி கை மாறும். கேம்பிரிட்ஜிலும் பின்னாளில் மாணவர் சங்கங்கள் பிராக்டர் அலுவலகத்தில் பதிவு செய்கிற வழக்கம் வந்தது. கணக்குக்குப் பொறுப்பாக மூத்த பொருளாளர் ஒருவரும் வேண்டும். 1817இல் கதவை மூட வந்தவர்களின் வாரிசுகள் இப்போது பதிவேடு வைத்திருக்கிறார்கள்!

இதோடு பதிவை முடித்திருக்கலாம். ஆனால் இதையெல்லாம் அவளுக்குச் சொல்லும்போது எனக்கு நம் பள்ளியின் மன்ற நோட்டு நினைவுக்கு வந்துவிட்டது.

உங்களில் பலருக்கு ஞாபகம் இருக்கும். ஜூன் மாதம் பள்ளி திறந்ததும் மாணவர் மன்றத் தேர்தல். தலைவர், செயலாளர், பொருளாளர் பெயரை நீள நோட்டில் எழுதி, அந்த ஆண்டுக்கான பேச்சுத் தலைப்புகளையும் எழுதித் தலைமையாசிரியரிடம் கையெழுத்து வாங்க வேண்டும். மன்றப் பொறுப்பாசிரியர் நான்.

1990 என்று நினைக்கிறேன். காலனித் தெருவிலிருந்து வந்த ஒரு மாணவன் செயலாளர் ஆனான். முத்து முத்தான கையெழுத்து. அவன் எழுதிக் கொடுத்த ஆறு தலைப்புகளில் நான்காவது: 'ஊர்ப் பொதுக்குழாய் எல்லோருக்கும் பொதுவா?'

எனக்குப் பகீர் என்றது. ஊர்ப் பெரியவர்கள் காதுக்குப் போனால் என்ன ஆகும் என்று யோசித்தேன். அவனிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. சிவப்பு மையால் அடித்துவிட்டு, மேலே 'கல்வியா? செல்வமா?' என்று எழுதிக் கையெழுத்துக்கு அனுப்பினேன். அவன் நோட்டைப் பார்த்தான், ஒன்றும் சொல்லவில்லை. அந்த ஆண்டு மன்றம் ஒழுங்காகக் கூடியது. அவன் மட்டும் ஒரு வெள்ளிக்கிழமையும் எழுந்து பேசவில்லை.

அமைதியாக நடத்துவாயா என்று அவனிடம் கேட்டிருக்கலாம். அது என் வேலை. எதைப் பேசலாம் என்று முடிவு செய்தேனே, அது என் வேலை இல்லை. இதைப் புரிந்துகொள்ள எனக்கு ஓய்வு பெற்று இத்தனை வருஷம் ஆகியிருக்கிறது.

அவன் இந்தப் பக்கத்தில் இருக்கிறான். என் பேரனின் பிறந்தநாளுக்கு முதல் வாழ்த்து அவனிடமிருந்துதான் வரும். பெயர் சொல்லவில்லை. தம்பி, அந்தச் சிவப்புக் கோடு தப்பு. மன்னித்துக்கொள்.

நேற்று அமெரிக்காவிலிருந்து செய்தி வந்தது. வேதியியல் துறைப் பேராசிரியர் ஒருவர் ஆலோசகராக இருக்கச் சம்மதித்தாராம். அவருக்குத் தமிழ் தெரியாது, ஆனால் இவர்கள் நடத்திய பொங்கலுக்கு வந்து சாப்பிட்டிருக்கிறாராம். கெடுவுக்கு இரண்டு நாள் முன்பே படிவம் போய்விட்டது.

வெளிநாட்டிலோ உள்ளூரிலோ கல்லூரியில் படிக்கும் பிள்ளைகள் வீட்டில் இருந்தால், உங்கள் மன்றத்தின் கெடு என்றைக்கு என்று இன்றே கேளுங்கள். உங்களில் ஆசிரியராக இருப்பவர்கள், மன்ற நோட்டு மேசைக்கு வரும்போது சிவப்புப் பேனாவை மூடி வைத்துவிட்டுப் படியுங்கள்.

அன்புடன்,
உங்கள் வாத்தியார்