கொள்ளிடத்துப் பழைய பாலம்

திருவானைக்காவலிலிருந்து நம்பர் ஒன் டோல்கேட்டுக்குச் செல்வோர் கொள்ளிடத்தைக் கடந்தே ஆக வேண்டும். காவிரியின் பெருவெள்ளத்தைக் கடலுக்குக் கொண்டு செல்லும் வடிகால் இந்த ஆறு. 1836-38-இல் சர் ஆர்தர் காட்டன் முக்கொம்பில் மேலணை கட்டிய பின்னும் வெள்ளத்தின் பாரத்தை இதுவே சுமந்து வந்தது.

ஆங்கிலேயர் ஆட்சியில், 1928-இல், இங்கு இரும்புப் பாலம் திறக்கப்பட்டது. மாட்டு வண்டிகள் மிகுந்திருந்த காலத்தில் எழுந்த அப்பாலம், பிற்காலத்தில் பேருந்து, லாரிகளின் பாரத்தையும் தாங்கிற்று. 2016-இல் அருகிலேயே புதிய பாலம் திறக்கப்பட்டதும் பழைய பாலத்தில் வாகனப் போக்குவரத்து நிறுத்தப்பட்டது.

2018 ஆகஸ்டு மாதம் மேட்டூர் அணை நிரம்பி, உபரிநீர் கொள்ளிடத்தில் பெருக்கெடுத்தது. தூண்கள் சரிந்து, பழைய பாலத்தின் ஒரு பகுதி ஆற்றில் விழுந்தது. வாகனங்கள் ஓடாத பாலமாதலால் பெருந்துயரம் தவிர்ந்தது. அதே மாதம் 22-ஆம் தேதி முக்கொம்பிலும் கொள்ளிடத்து மதகுகள் உடைந்தன.

தூணின் அடியைச் சுற்றியுள்ள மணலே அதற்குப் பிடிப்பு. வெள்ளம் அதை அரிக்கிறது. நாமும் அள்ளினால் அஸ்திவாரம் வெளியே தெரியும். ஆற்று மணலைக் காப்பது பாலத்தைக் காப்பதாகும். இதை நம் பிள்ளைகளுக்குச் சொல்லி வைப்போமாக!