வெருகலாற்றின் தலைமாட்டில் நிற்கும் நக்கிள்ஸ் மலைகள்

2006 யூலையில் மாவிலாற்று மதகு மூடப்பட்டதைத் தொடர்ந்துதான் நான்காம் ஈழப்போர் மூண்டது. மூதூர் கிழக்கிலும் வெருகலிலும் ஈச்சிலம்பற்றையிலும் இருந்த சனங்கள் அதன் பிறகு எத்தனை தடவை இடம்பெயர்ந்தார்கள் என்பதை இதை வாசிப்பவர்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. மாவிலாற்றுக்கு வருவது வெருகலாற்று நீர். வெருகலாறு மகாவலியின் கிளை. மதகைப் பற்றி நாங்கள் நிறையவே எழுதியிருக்கிறோம். அந்த நீர் புறப்படும் மலைகளைப் பற்றி எழுதியது மிகக் குறைவு.

மகாவலி முழுவதும் ஒரே மலையிலிருந்து வருவதில்லை. அட்டன், நுவரெலியாப் பக்கத்து ஓடைகளும் அதில் சேருகின்றன. ஆனால் கண்டி, மாத்தளை மாவட்டங்களில் பரந்து கிடக்கும் நக்கிள்ஸ் மலைத்தொடரில் விழும் மழை எந்தப் பக்கம் இறங்கினாலும் கடைசியில் மகாவலிக்கே போகிறது. ஹுலு கங்கை தெற்கே இறங்குகிறது. களு கங்கை வடகிழக்காக ஓடி அம்பன் கங்கையுடன் சேர்கிறது. 335 கிலோமீற்றர் நீளமான அந்த ஆறு கொட்டியாரக் குடாவில் கடலைச் சேரும்போது இந்த மலையின் மழையும் அதில் இருக்கிறது.

மடித்த கையின் விரல் மொழிகள் போலச் சிகரங்கள் தெரிந்ததால் ஆங்கிலேயர் இட்ட பெயர்தான் நக்கிள்ஸ். சிங்களத்தில் தும்பறை மலைகள். அதிஉயர் சிகரமான கொம்பானியா 1,906 மீற்றர்.

இலங்கையின் அடிப்பாறைகளைப் புவிச்சரிதவியலாளர்கள் பெரும் தொகுதிகளாகப் பிரிக்கிறார்கள். மேற்கிலும் வடக்கிலும் இருப்பதற்கு வன்னித் தொகுதி என்று பெயர். எங்கள் வன்னியின் பெயர்தான். நடுவே மேட்டுநிலத் தொகுதி, கிழக்கே விஜயன் தொகுதி. நக்கிள்ஸ் மேட்டுநிலத் தொகுதியைச் சேர்ந்தது. மிகப் பழைய காலத்தில் மணலும் களியும் சுண்ணாம்பும் படிந்து உண்டான அடையல்கள், ஏறத்தாழ 60 கோடி ஆண்டுகளுக்கு முன் கண்டங்கள் மோதி கொண்டுவானா என்ற பெருநிலம் உருவானபோது ஆழத்தில் வெந்து அழுத்தப்பட்டு மடிந்தன. மணல் குவாட்சைற்றாகவும், சுண்ணாம்பு பளிங்குக்கல்லாகவும் மாறின. இவற்றோடு சார்னொக்கைற் என்ற கருங்கல்லும் கிடக்கிறது. சென்னைப் பரங்கிமலையில் இருப்பதும் இதே வகைக் கல்தான். அன்று இரண்டு கரைகளும் ஒரே நிலம். மேட்டுநிலத் தொகுதியும் விஜயன் தொகுதியும் சந்திக்கும் எல்லை வடகிழக்கே சேருவில வரைக்கும் போகிறது. அங்கே செம்பும் இரும்புத் தாதுவும் கிடைப்பது அந்த எல்லையில்தான்.

யாழ்ப்பாணத்தில் வளர்ந்தவர்களுக்கு நீர் என்றால் கிணறு. காலடியில் உள்ள சுண்ணக்கல் பொந்தும் பிளவுமாக இருப்பதால் மழைநீர் உள்ளே இறங்கித் தங்குகிறது. நக்கிள்ஸின் கருங்கல் அப்படியல்ல. வெடிப்புகளைத் தவிர உள்ளே நீருக்கு இடமில்லை. பாறைக்கு மேலே உக்கிய மண்ணும், மண்ணைப் பிடித்திருக்கும் வேர்களும், இலைச்சருகும் பாசியும்தான் அங்கே தண்ணீர்த் தொட்டி. உயர்ந்த பகுதிகளில் மரங்கள் குட்டையாக, கிளையெல்லாம் பாசி மூடி நிற்கும். மழை பெய்யாத நாளிலும் முகில் இலைகளில் பட்டுத் துளியாக வடிகிறது. காடு போனால் மழை குறையுமா என்று வாதாடலாம். ஆனால் பெய்த மழை ஒரே நாளில் ஓடிவிடும் என்பதில் வாதம் இல்லை.

இந்தப் பாறைக்கும் ஈரத்துக்கும் இடையில் வாழும் உயிர்களில் எனக்கு மிகவும் பிடித்தது ஒரு சின்னத் தவளை. நனோபிறிஸ் மார்மொறாற்றா என்பது அதன் விஞ்ஞானப் பெயர். உலகத்திலேயே நக்கிள்ஸில் மட்டும்தான் இருக்கிறது. உடல் தட்டையானது, கல் இடுக்குக்குள் நுழைந்து படுத்துவிடும். அதன் வாற்பேத்தைகள் குளத்தில் நீந்துவதில்லை. பாறைமேல் மெல்லிய படலமாக வழியும் நீரில் ஒட்டிக்கொண்டு வளர்கின்றன. அந்தக் கசிவு சில நாள் நின்றாலே ஒரு தலைமுறை போய்விடும். றிவஸ்ரன் பக்கத்துப் பிட்டவல பத்தனைப் புல்வெளியிலும் இது உண்டு. அங்கே தட்டைப் பாறைமேல் மண் மிக மெல்லியது. அதனால்தான் மரம் வராமல் கட்டைப் புல் மட்டும் நிற்கிறது.

ஓணான்களும் அப்படித்தான். மூக்கு நுனியில் இலை போன்ற தசை நீட்டிக்கொண்டிருக்கும் ஓணான் ஒன்று இந்த மலைக்கு மட்டுமே உரியது. 2006இல், மாவிலாறு செய்தியாக இருந்த அதே ஆண்டில், தும்பறையின் பெயரால் இன்னொரு ஓணான் இனம் விஞ்ஞான உலகுக்கு அறிமுகமானது. முட்டையிடாமல் குட்டி போடும் சாதியைச் சேர்ந்தது அது. இன்று அற்றுப்போகும் விளிம்பில் உள்ளது.

இந்தச் சரிவுகளில் முதலில் காடு அழிந்தது கோப்பிக்காக. தென்னிந்தியாவிலிருந்து மன்னார்க் கரையில் இறங்கி, காட்டுவழியே மாத்தளைக்கு நடத்திக் கொண்டுவரப்பட்டவர்கள்தான் அந்தத் தோட்டங்களை உண்டாக்கினார்கள். பிறகு தேயிலை வந்தது. றங்கலைப் பக்கத்தில் அவர்களின் பிள்ளைகள் இன்றும் கொழுந்தெடுக்கிறார்கள். 1873இல் 5,000 அடிக்கு மேற்பட்ட காட்டை வெட்டாமல் ஒதுக்கியதால்தான் உச்சிகள் தப்பின. அதன் பிறகு ஏலம். பெரிய மரங்களை நிழலுக்கு விட்டுவிட்டுக் கீழே உள்ள கன்றுகளை வெட்டி நடும் பயிர் இது. தூரத்தில் நின்று பார்த்தால் காடு அப்படியே தெரியும். ஆனால் கிழ மரம் விழுந்தால் அந்த இடத்துக்கு வளர்ந்துவர இளமரம் இல்லை. ஏலம் காயவைக்கும் சூளைகளுக்கும் விறகு அங்கிருந்தே போனது. 2000ஆம் ஆண்டு இது பாதுகாப்பு வனமாக்கப்பட்டது. 2010இல் யுனெஸ்கோ மத்திய மலைநாட்டை உலக மரபுரிமையாக ஏற்றபோது நக்கிள்ஸும் அதில் சேர்ந்தது.

பாதுகாப்பு வனம் என்ற சொல்லைக் கேட்டதும் எங்கள் ஆட்கள் முகம் சுளிப்பார்கள். அதற்குக் காரணம் உண்டு. இடம்பெயர்ந்திருந்த காலத்தில் பற்றை மூடிய வயலுக்குத் திரும்பிப் போனபோது வன இலாகாவின் எல்லைக்கல் நின்றதை வன்னியில் பலர் கண்டிருக்கிறார்கள். அந்தக் காணிகளைக் கேட்பது நியாயம். என் கணிப்பில், அந்தக் கோபத்தை நக்கிள்ஸ் மீது காட்டுவது சரியல்ல. பத்து வருடம் விட்டால் பற்றை பிடிக்கும் மட்டமான வயலும், மரம் போனால் மண்ணே போய்விடும் செங்குத்துச் சரிவும் ஒன்றல்ல.

2025 நவம்பர் இறுதியில் 'டித்வா' புயல் வந்தபோது கண்டி, மாத்தளை, பதுளை, நுவரெலியா மாவட்டங்களில் மண்சரிந்து வீடுகள் புதைந்தன. உக்கிய மண் நீரில் ஊறிக் கனத்து, கீழே உள்ள பாறையில் பிடிப்பு விட்டு வழுக்கி வருவதுதான் மண்சரிவு. இறந்தவர்களில் தோட்டத் தமிழர்களும் இருந்தார்கள். அதே மழை மகாவலி வழியே இறங்கியது. சில நாட்களில் மாவிலாற்று அணைக்கட்டு உடைந்தது. மூதூர், வெருகல் பகுதிச் சனங்கள் இன்னொரு தடவை மூட்டை கட்டினார்கள்.